நடந்ததை ஒரு பிள்ளை உங்களிடம் சொல்லிவிட்டால்: கொழும்பில் எங்கே போவது, எதை முதலில் செய்வது

பாலியல் வன்முறைக்கு ஆளான ஓர் இளம் ஆள் அதை முதலில் சொல்வது பெரும்பாலும் டாக்டரிடமோ வக்கீலிடமோ அல்ல. உயர்தரம் படிக்க வந்து வெள்ளவத்தையில் போர்டிங்கில் இருக்கும் பிள்ளை அறைத்தோழியிடம் சொல்லும். மலையகத்திலிருந்து வந்து புறக்கோட்டைக் கடையொன்றில் நிற்கும் பெடியன், கூட வேலை செய்யும் அண்ணாவிடம் சொல்வான். பக்கத்து வீட்டு அக்கா, டியூஷன் டீச்சர், சித்தி, சேர்ச்சில் பழக்கமான ஒருவர் என்று யாரும் அந்த இடத்தில் இருக்கலாம். கேட்டவருக்குக் கை கால் நடுங்கும். யாருக்கு ஃபோன் எடுப்பது, எந்த ஆஸ்பத்திரி, பொலிஸுக்குப் போனால் என்ன ஆகும் என்று ஒன்றும் பிடிபடாது. அப்படி நிற்கும் ஒருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். பாதிக்கப்பட்டவர் நீங்களே என்றாலும், கீழே இருப்பதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போவது வேறு, பொலிஸுக்குப் போவது வேறு. நம் வீடுகளில் இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். "கேஸ் போடுவதா, வேண்டாமா" என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுப்பதற்குள் மூன்று நாள் ஓடிவிடும். அந்த மூன்று நாளுக்குள் கொடுத்தால் மட்டுமே வேலை செய்யும் மருந்துகள் இருக்கின்றன. கேஸ் பற்றி அடுத்த வாரமும் யோசிக்கலாம், அடுத்த வருஷமும் யோசிக்கலாம். மருந்துக்கு அந்த அவகாசம் இல்லை.

கேட்கும்போது

பிள்ளை சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேச வேண்டாம். பிறகு மூன்று விஷயத்தைச் சொன்னால் போதும்: "நீ சொன்னதை நான் நம்புறேன். இது உன்ட பிழை இல்ல. இனி என்ன செய்யிறதெண்டு சேர்ந்து பார்ப்பம்." இதற்கு மேல் அலங்காரம் தேவையில்லை.

"ஏன் அந்த நேரத்தில் போனாய்", "ஏன் கத்தவில்லை", "ஏன் அப்பவே சொல்லவில்லை" என்ற கேள்விகளை விட்டுவிடுங்கள். ஆபத்து நேரத்தில் உடம்பு விறைத்துப்போய்க் கத்தவும் முடியாமல் ஓடவும் முடியாமல் நிற்பது மிகச் சாதாரணமாக நடப்பது. சட்டமும் இதை ஏற்கிறது. சம்மதம் இல்லை என்று நிரூபிக்க உடம்பில் காயம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை என்று 1995ஆம் ஆண்டு திருத்தத்துக்குப் பிறகு தண்டனைச் சட்டக்கோவையிலேயே எழுதியிருக்கிறது. சட்டம் கேட்காத கேள்வியை ஒரு சித்தியோ மாமாவோ கேட்கக் கூடாது.

விவரத்தைத் தோண்டவும் வேண்டாம். டாக்டர் கேட்பார், பொலிஸ் கேட்கும், பிறகு நீதிமன்றமும் கேட்கும். அதே கதையை அதற்கு முன்பே குடும்பத்தில் எட்டுப் பேருக்குச் சொல்ல வைப்பது பிள்ளையை வதைப்பது. உங்களுக்கு இப்போது தெரிய வேண்டியவை கொஞ்சம்தான்: எப்போது நடந்தது, இப்போது எங்காவது வலியோ இரத்தமோ இருக்கிறதா, செய்தவர் இன்னும் அருகில் இருக்கிறாரா, இன்று இரவு பாதுகாப்பாகத் தூங்க இடம் இருக்கிறதா.

இன்னொன்று: "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிடாதீர்கள். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் ஆஸ்பத்திரியும் சிறுவர் பாதுகாப்பு அதிகாரிகளும் வரத்தான் போகிறார்கள். "உனக்குத் தெரியாமல் யாருக்கும் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டிய இடம் வந்தால் முதலில் உன்னிடம் சொல்வேன்" என்பதுதான் காப்பாற்றக்கூடிய வாக்கு. 18க்கு மேற்பட்டவர் என்றால் ஒவ்வொரு படியிலும் முடிவு அவருடையது. உங்களுக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் சரி, அவர் சம்மதமில்லாமல் அவருக்காகப் பொலிஸில் போய் நிற்கக் கூடாது. ஏற்கனவே ஒருவர் அவருடைய விருப்பத்தைக் கேட்காமல் நடந்திருக்கிறார். இரண்டாவது ஆளாக நீங்கள் ஆகிவிட வேண்டாம்.

முதல் 72 மணித்தியாலம்

உயிருக்கு ஆபத்தான காயம், நிற்காத இரத்தம், மயக்கம் இருந்தால் 1990க்கு அடியுங்கள். சுவசரிய ஆம்புலன்ஸ் இலவசம். செய்தவர் இன்னும் பக்கத்தில் இருந்து மிரட்டினால் 119.

மற்றபடி, நடந்து எவ்வளவு நேரம் ஆகியிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நல்லது. தொடங்கினால் 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். வயிற்றைப் பிரட்டுகிறது என்று இடையில் நிறுத்துவது பலர் செய்வது. அப்படி இருந்தால் நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

கர்ப்பம் தரிப்பதைத் தடுக்கும் அவசர மாத்திரையும் அப்படித்தான். முதல் 72 மணித்தியாலத்துக்குள் எடுப்பது நல்லது, முதல் நாளிலேயே எடுப்பது மிக நல்லது. ஐந்தாம் நாள் வரை ஓரளவு பலன் இருக்கலாம் என்பதால் பிந்திவிட்டது என்று விட்டுவிடவும் வேண்டாம். பொஸ்டினோர் என்ற பெயரில் கொழும்பு ஃபார்மசிகளில் கிடைக்கும், டாக்டரின் துண்டு கேட்க மாட்டார்கள். வெள்ளவத்தையில் தெரிந்த முகங்கள் அதிகம் என்று பிள்ளை பயந்தால், நீங்களே போய் வாங்கிக்கொண்டு வாருங்கள். இந்த ஒரு காரியத்தை யாரும் யாருக்காகவும் செய்யலாம்.

மற்றத் தொற்றுகளுக்கான மருந்து, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, காயம் இருந்தால் ஏற்பு ஊசி ஆகியவற்றை டாக்டர் பார்த்துக் கொடுப்பார். மூன்று வாரம் கழித்துக் கர்ப்பப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ள வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இலங்கையில் தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு மட்டுமே கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது, வன்புணர்வால் உண்டான கர்ப்பத்துக்குக்கூட விலக்கு இல்லை. முதல் நாளில் கொடுக்கப்படும் ஒரு மாத்திரை பிற்பாடு ஒரு பிள்ளையின் வாழ்க்கையையே காக்கும் என்பது இங்கே வெறும் பேச்சல்ல.

எந்த ஆஸ்பத்திரி

சின்னப் பிள்ளை என்றால் பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி. வன்முறைக்கு ஆளான பிள்ளைகளைப் பார்ப்பதற்காகவே அங்கே லமா பியச என்ற தனிப் பிரிவு இருக்கிறது. வாசலில் கியூவில் நின்று எல்லோர் முன்னாலும் விஷயத்தை விளக்க வேண்டியதில்லை, அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் போதும்.

பெரிய பிள்ளைகளும் இளைஞர்களும் தேசிய வைத்தியசாலைக்குப் போகலாம், நம்மவர்கள் பெரியாஸ்பத்திரி என்பது அதைத்தான். தெஹிவளை, வெள்ளவத்தைப் பக்கம் இருப்பவர்களுக்குக் களுபோவில ஆஸ்பத்திரி கிட்ட. இரவு என்றால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவு. பகலில், பெண்களுக்கெதிரான வன்முறைக்காகச் சுகாதார அமைச்சு பெரிய அரச ஆஸ்பத்திரிகளில் நடத்தும் நிலையம் எங்கே என்று கேளுங்கள். சிங்களத்தில் மித்துரு பியச, தமிழில் நட்பு நிலையம். அங்கே பயிற்சி பெற்ற தாதியரும் மருத்துவரும் இருப்பார்கள். தனியாக இருந்து பேசலாம், பிறகு எங்கெங்கே போக வேண்டும் என்று அவர்களே அனுப்பிவைப்பார்கள்.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கும் தொற்றுப் பரிசோதனைக்கும் கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் தேசிய பாலியல் நோய் மற்றும் எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கிளினிக் இருக்கிறது. இலவசம், விவரம் வெளியே போகாது. பொலிஸ் பேச்சையே எடுக்க விரும்பாத, 18க்கு மேற்பட்ட ஒருவருக்கு நான் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான்.

வயது வந்தவர் ஒருவர் முறைப்பாடு செய்ய விரும்பவில்லை என்பதற்காக அவருக்குச் சிகிச்சையை மறுக்க முடியாது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே பொலிஸார் இருப்பார்கள், யாராவது வந்து கேட்கவும் கூடும். "இப்போது சிகிச்சை மட்டும் வேண்டும், வாக்குமூலம் பற்றி யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லலாம். அந்த வசனத்தை வழியிலேயே பிள்ளையோடு ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போங்கள்.

உடுப்பும் உடம்பும்

முறைப்பாடு செய்யக்கூடும் என்று கொஞ்சமாவது நினைப்பு இருந்தால், பரிசோதனைக்கு முன் குளிக்காமல், உடுப்பை மாற்றாமல் போவது நல்லது. மாற்றியாகிவிட்டது என்றால் அந்த உடுப்பைத் தோய்க்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடதாசிப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் பிடித்துத் தடயம் கெட்டுவிடும். பழைய பத்திரிகைத் தாளில் சுற்றினாலும் சரி. ஏதாவது குடிக்கக் கொடுத்து மயக்கியதாகச் சந்தேகம் இருந்தால் அதை டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும், இரத்தமும் சிறுநீரும் எடுப்பார்கள்.

குளித்தாகிவிட்டதா? எல்லாம் போச்சு என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். குளித்த பிறகும் தடயம் கிடைக்கலாம், கிடைக்காவிட்டாலும் வழக்கு நிற்கலாம். நடந்ததும் குளிக்கத் தோன்றுவது எவருக்கும் வரும் உணர்வு.

வழக்குக்கான பரிசோதனையைச் செய்பவர் சட்ட வைத்திய அதிகாரி, எல்லோரும் ஜே.எம்.ஓ. என்பார்கள். பொலிஸ் ஒரு படிவம் கொடுத்து அவரிடம் அனுப்பும். கொழும்பில் ஜே.எம்.ஓ. அலுவலகம் பிரான்சிஸ் வீதியில், பெரியாஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்கிறது. பரிசோதனைக்கு முன் அவர் சம்மதம் கேட்க வேண்டும். ஒரு பகுதிக்கு ஓம் என்று இன்னொரு பகுதிக்கு வேண்டாம் என்று சொல்லலாம், நடுவில் நிறுத்தச் சொல்லலாம். பெண் பிள்ளை என்றால் பெண் டாக்டர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லாவிட்டாலும் ஒரு பெண் தாதி கூட நிற்க வேண்டும், நம்பிக்கையான ஒருவரும் நிற்கலாம்.

கன்னித்தன்மையைப் பரிசோதித்துக் காட்டச் சொல்லிச் சில தாய் தகப்பன்மார் டாக்டரைக் கெஞ்சுவதுண்டு. அப்படி ஒன்றைப் பரிசோதித்துக் கண்டுபிடிக்க மருத்துவத்தில் வழியே இல்லை. 2018இல் உலக சுகாதார அமைப்பும் ஐ.நா. அமைப்புகளும் அந்தப் பரிசோதனையையே கைவிட வேண்டும் என்று அறிவித்தன. பிள்ளையை இன்னொரு தடவை காயப்படுத்துவதற்கு மட்டும்தான் அது உதவும்.

பொலிஸுக்குப் போவதென்று முடிவெடுத்தால்

சம்பவம் நடந்த இடத்துப் பொலிஸ் நிலையத்துக்குப் போவது வேலையைச் சுலபமாக்கும். பொலிஸ் நிலையங்களில் சிறுவர், மகளிர் பிரிவு என்று தனி மேசை இருக்கும். வாசலில் இருக்கும் உத்தியோகத்தரிடம் முழுக் கதையையும் சொல்லத் தேவையில்லை, "சிறுவர் மகளிர் பிரிவில் பெண் உத்தியோகத்தர் ஒருவரைச் சந்திக்க வேண்டும்" என்றால் போதும். பொலிஸின் சிறுவர் மற்றும் மகளிர் துஷ்பிரயோகத் தடுப்புப் பணியகத்துக்கு 109 என்ற இலக்கத்தில் நேராகவும் பேசலாம். 18க்குக் குறைந்தவர் என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929. எந்த நேரமும் எடுக்கலாம், தமிழில் பேசலாம், காசு இல்லை. நிலையத்துக்குப் போகப் பயமாக இருந்தால் 1929இலிருந்து தொடங்குங்கள் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது மொழி. கொழும்பில் தமிழ் ஆட்கள் சறுக்கி விழுவது அதிகம் இங்கேதான். பிள்ளை தமிழில் சொல்லும், உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதுவார், இடையில் யாரோ மொழிபெயர்ப்பார், கடைசியில் வாசிக்கத் தெரியாத ஒரு தாளில் கையெழுத்து விழும். இரண்டு வருஷம் கழித்து நீதிமன்றத்தில், "நீங்கள் அன்று இப்படித்தானே சொன்னீர்கள்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் அந்தத் தாளைத்தான் தூக்கிக் காட்டுவார். தமிழும் இந்த நாட்டின் நிர்வாக மொழி, அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் அதைச் சொல்கிறது. ஆகவே தமிழில் வாக்குமூலம் பதியக் கேட்பது உங்கள் உரிமை, யாரும் செய்து தரும் உபகாரமல்ல. தமிழ் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் அன்று இல்லையென்றால் எப்போது இருப்பார் என்று கேளுங்கள், அல்லது வேறு நிலையத்திலிருந்து அழைக்கச் சொல்லுங்கள். அதுவும் நடக்காமல் சிங்களத்தில்தான் எழுதப்படுகிறது என்றால், சிங்களம் நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், எழுதியதை வரிக்கு வரி தமிழில் சொல்லக் கேட்ட பிறகே கையெழுத்து வைக்க வேண்டும். பிழை இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். "சின்ன விஷயம்தானே, விடுங்கோ" என்பார்கள். விடாதீர்கள். நேரம், இடம், யார் யார் இருந்தார்கள் என்ற சின்ன விஷயங்களில்தான் வழக்குகள் நிற்பதும் விழுவதும்.

போவதற்கு முந்தைய இரவு, முடிந்தால் நடந்ததைப் பிள்ளையே தமிழில் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளட்டும். ஞாபகம் வந்த ஒழுங்கில் எழுதினால் போதும். தெரியாத இடத்தில் "ஞாபகம் இல்லை" என்று எழுதட்டும். அதிர்ச்சியில் ஞாபகம் துண்டு துண்டாகத்தான் வரும். இடைவெளியை ஊகித்து நிரப்பினால் பின்னால் அதுவே பொய் போலத் தெரியும்.

முறைப்பாட்டைப் பதிந்ததும் முறைப்பாட்டு இலக்கம், திகதி, எழுதிய உத்தியோகத்தரின் பெயர், இலக்கம் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதிய மறுத்தாலோ "சமாதானமாப் போங்கோ" என்று அனுப்பினாலோ, பொறுப்பதிகாரியிடம் கேளுங்கள். அவரும் கைவிரித்தால் அவருக்கு மேலே உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் இருக்கிறார். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் சொல்லலாம். வன்புணர்வு மத்தியஸ்த சபையில் பேசித் தீர்க்கும் காரியமல்ல. காசு கொடுத்துத் தீர்ப்பதும், செய்தவனுக்கே கட்டி வைப்பதும் தீர்வே அல்ல. 16 வயதுக்குக் குறைந்த பெண் பிள்ளை என்றால் "அவளும் சம்மதித்தாள்" என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமும் இல்லை. குடும்பத்துக்குள் யாராவது அப்படி ஒரு யோசனையைக் கொண்டுவந்தால், பிள்ளையின் காதுக்கு அது போவதற்கு முன்பே நீங்கள் நடுவில் நில்லுங்கள்.

பிறகு நீதிமன்றம்

உண்மையைச் சொல்ல வேண்டும், இது வருஷக் கணக்கில் இழுக்கும். முதலில் நீதவான் நீதிமன்றம், பிறகு கோப்பு சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போகும், அங்கிருந்து குற்றப்பத்திரம் வந்தால் மேல் நீதிமன்றம். நடுவில் பிள்ளை உயர்தரம் எழுதிவிடும், வேலைக்குப் போய்விடும், சில வேளை கல்யாணமும் ஆகிவிடும். இதைத் தெரிந்துகொண்டு இறங்குவது, தெரியாமல் இறங்கி நடுவழியில் மனம் உடைவதைவிட நல்லது.

அரச தரப்பில் வழக்கை நடத்துபவர் அரச சட்டத்தரணி, அவருக்கு நீங்கள் காசு கொடுக்கத் தேவையில்லை. ஆனாலும் பிள்ளையின் நலனைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒருவர் இருந்தால் பெரிய பலம். வசதி குறைந்தவர்களுக்குப் புதுக்கடை நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவும். விமன் இன் நீட் என்ற அமைப்பு 1987 முதல் இயங்குகிறது. கொழும்பில் உளவளத்துணை, சட்ட உதவி, தற்காலிகமாகத் தங்குவதற்கான ஏற்பாடு எல்லாவற்றுக்கும் பெண்கள் அங்கே கேட்கலாம். பெண்களுக்கான அரச உதவி இலக்கம் 1938.

பிள்ளையின் பெயரையோ அடையாளம் தெரியும் விவரத்தையோ பத்திரிகையிலோ வேறெங்குமோ வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவின்படி குற்றம். சாட்சியை மிரட்டினால் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புக் கேட்க ஓர் அதிகார சபையே அதன் கீழ் இயங்குகிறது. சின்னப் பிள்ளைகளின் ஆரம்ப வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து நீதிமன்றத்தில் காட்ட 1999ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடம் தருகிறது. மாதிவெலையில் உள்ள சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையிடம் இதைக் கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் யாரும் தாமாக வந்து சொல்லாமலும் போகலாம். மூடிய அறையில் விசாரிக்கும்படியும் நீதிமன்றத்தைக் கோரலாம். நீதிமன்றத்தில் சிங்களத்தில் நடப்பது புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் அரச செலவில் தரப்பட வேண்டும்.

தவணை நாளில் சாப்பாடும் தண்ணீரும் கொண்டு போங்கள். காலையில் போய்ப் பின்னேரம் வரை இருக்க வேண்டி வரலாம். செய்தவரின் ஆட்கள் அதே வராந்தாவில் நிற்பார்கள், ஆகவே பிள்ளை தனியாக இருக்கக் கூடாது.

இப்போது முடியாது, ஒருநாள் முடியலாம் என்று பிள்ளை நினைத்தால் அதுவும் சரி. இவ்வகைக் குற்றங்களுக்கு 20 வருஷம் வரை வழக்குத் தொடரலாம். ஆஸ்பத்திரித் துண்டுகள், மருந்துச் சிட்டைகள், கொப்பியில் எழுதியது எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுப் பத்திரமாக வைத்திருங்கள்.

படம், வீடியோ என்று மிரட்டினால்

இளவயதினர் அதிகம் ஒடுங்கிப்போவது இதில்தான். காசு கொடுக்க வேண்டாம், ஒருமுறை கொடுத்தால் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். பயத்தில் சாட் செய்திகளை அழிக்கவும் வேண்டாம். முதலில் மிரட்டிய செய்திகள், கணக்கின் பெயர், இலக்கம், திகதி தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், அப்புறம் பிளொக் பண்ணலாம். அந்தரங்கப் படத்தை மட்டும் "சாட்சிக்கு" என்று யாருக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது. 18க்குக் குறைந்தவரின் படம் என்றால் அதை வைத்திருப்பதும் அனுப்புவதுமே குற்றமாகும்.

படம் பரவாமல் தடுக்க இணையத்தில் இரண்டு இலவச வசதிகள் இருக்கின்றன. 18க்கு மேல் என்றால் ஸ்டொப் என்.சி.ஐ.ஐ. (StopNCII), 18க்குக் கீழே எடுத்த படம் என்றால் டேக் இட் டவுன் (Take It Down). படத்தை அங்கே ஏற்றத் தேவையில்லை, அதன் டிஜிட்டல் அடையாளம் மட்டும் உங்கள் ஃபோனிலிருந்து போகும். சேர்ந்திருக்கும் சமூக ஊடகங்கள் அதை வைத்துத் தடுக்கும். இங்கே இணையத் துன்புறுத்தலுக்கு ஆளான பெண்களுக்கு வழிகாட்ட ஹிதவதி என்ற சேவையும் உண்டு.

செய்தவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால்

அப்படியென்றால் "அம்மாவிடம் சொல்" என்பது எப்போதும் சரியான ஆலோசனை அல்ல. யாரை நம்பலாம் என்று பிள்ளையிடமே கேளுங்கள். 1929க்குச் சொல்வதோடு, பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், அவரிடமும் போகலாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்டால், செய்தவரை வீட்டுக்கு வராமல் தடுக்க முடியும். பிள்ளையைத் தூக்கி ஓர் இல்லத்தில் போடுவதைக் கடைசி வழியாகவே பார்க்கச் சொல்லிப் பேசுங்கள். குற்றம் செய்தவர் வீட்டில் இருக்க, பிள்ளை பள்ளிக்கூடத்தையும் சிநேகிதரையும் இழந்து வெளியேறுவது எந்த வகையில் நியாயம்?

பெடியன்கள்

பெடியன்களுக்கும் இது நடக்கிறது, விடுதியில், விளையாட்டில், வேலைத்தலத்தில், பகிடிவதையில். அவர்கள் இன்னும் பிந்தித்தான் சொல்வார்கள், பலர் சொல்வதே இல்லை. இலங்கைச் சட்டத்தில் வன்புணர்வு என்ற பிரிவு பெண்களைப் பற்றியே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற 365பி பிரிவு ஆண் பிள்ளைகளுக்கும் பொருந்தும். பல்கலைக்கழகப் பகிடிவதையில் நடந்தது என்றால் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. உடம்பு தானாக எதிர்வினை காட்டியிருந்தால் அது விருப்பத்தின் அடையாளமல்ல. இதை யாராவது ஒரு பெரியவர் வாய்விட்டுச் சொன்னால் பல பெடியன்களின் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கும். 72 மணித்தியாலக் கணக்கு அவர்களுக்கும் அதேதான்.

வாரங்கள் போன பிறகு

நித்திரை வராமை, திடுக்கிட்டு விழித்தல், படிப்பில் மனம் நில்லாமை, காரணமில்லாத எரிச்சல், சாப்பாட்டை வெறுத்தல் எல்லாம் வரும். சிலர் ஒன்றும் நடக்காத மாதிரிச் சிரித்துத் திரிவார்கள், அதை வைத்து "பொய் சொல்லியிருக்கும்" என்று யாரும் தீர்ப்பெழுதக் கூடாது. உளவளத்துணை ஒருவரோடு சரிவராவிட்டால் இன்னொருவரிடம் போகலாம். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் 1926, பணம் வாங்காமல் பேசும் இன்னொரு இலக்கம் 1333. கொழும்பு 7, ஹோர்ட்டன் பிளேஸில், மனம் உடைந்தவர்கள் சொல்வதைக் கேட்கும் சுமித்ரயோ என்ற அமைப்பு இருக்கிறது. அங்கே பெயர் சொல்லாமலும் பேசலாம். சாக வேண்டும் போல இருக்கிறது என்று பிள்ளை சொன்னால் நேரடியாகக் கேளுங்கள்: "செத்துப்போகலாம் எண்டு யோசிக்கிறியா? ஏதும் வச்சிருக்கிறியா?" அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை உண்டாக்காது. ஓம் என்றால் மருந்து மாத்திரைகளை எடுத்து அகற்றுங்கள், அன்று இரவு பிள்ளையைத் தனியே விடாதீர்கள், 1926க்கு எடுங்கள் அல்லது அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

பள்ளிக்கூடத்தில் எத்தனை பேருக்குத் தெரிய வேண்டும் என்பதையும் பிள்ளையே சொல்லட்டும். பரீட்சை கிட்ட இருந்தால் வகுப்பாசிரியர் ஒருவருக்கு மட்டும் "உடல்நலக் காரணம்" என்று சொல்லி லீவு கேட்கலாம், முழுக் கதையும் அவருக்குத் தேவையில்லை. டியூஷனுக்குப் போகும் பாதை பயமாக இருந்தால் பாதையை மாற்றுங்கள், டியூஷனை நிறுத்திவிட வேண்டாம். ஃபோனைப் பறிப்பது, வெளியே விடாமல் வைப்பது, அவசரமாக ஊருக்கு அனுப்புவது எல்லாம் பாதுகாப்பு என்ற பெயரில் பிள்ளைக்குக் கொடுக்கும் தண்டனை.

கூட நிற்பவருக்கும் இது பாரம்தான். கேட்டதை நினைத்து உங்களுக்கே நித்திரை போகலாம், கோபம் எங்கெங்கோ வெடிக்கலாம். பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் 1333க்கோ சுமித்ரயோவுக்கோ நீங்களும் எடுத்துப் பேசலாம். அவர்களுக்கு அப்படியான அழைப்புகள் புதிதல்ல.